ஒன்பது கிராம்

கோகிலவாணியிடம் காபி மெஷின் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் சென்னியப்பன். அவருக்கு ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பது. கோயமுத்தூர் கணபதியில் இருந்த அவருடைய பட்டறையில் கோகிலவாணியை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தபோது வந்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சென்னியப்பனும் மிஸ் என்பார். மிஸ் அவரை அண்ணா என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

சென்னியப்பன் லேசுப்பட்ட ஆளில்லை. முப்பது வருஷம் பம்ப் கம்பெனியில் டிசைன் போட்டவர். எந்தக் குழாயில் தண்ணீர் எந்த வேகத்தில் ஓடும் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷன், போன ஐப்பசியில் மனைவி வசந்தாமணி நெஞ்சு வலி என்று உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு டம்ளர் காபிக்கு வழியில்லாமல் தவித்துப்போனார்.

கோயமுத்தூரில் காபிக்கா பஞ்சம்? தெருவுக்கு மூன்று கடை இருக்கிறது. எல்லாக் கடையிலும் போய்க் குடித்துப் பார்த்தார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவருக்கு வேண்டியது வசந்தாமணியின் காபி. அது எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும் என்பார்.

வேறு ஒருத்தராக இருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு டீக்கு மாறியிருப்பார்கள். இவர் இஞ்சினியர் ஆயிற்றே. மெஷின் செய்ய உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வருஷத்தில் பதினான்கு மெஷின். முதல் ஆறும் வீட்டு மொட்டைமாடியில் செய்தவை. மீதி எட்டும் மிஸ்ஸின் பட்டறையில். பதினான்காவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வெந்நீரை அரை டிகிரி பிசகாமல் வைத்துக்கொள்ளும். ஊசிமுனை போன்ற குழாய்களில் அதைச் சொட்டுச் சொட்டாகத் தூள் மேல் இறக்கும். தூளை எவ்வளவு அமுக்க வேண்டுமோ அவ்வளவுதான் அமுக்கும். கீழே விழுகிற டிகாஷனைச் சொட்டுக்குச் சொட்டு எடை போடும். நாற்பது நிமிஷம் இறங்க வேண்டியதை நாலு நிமிஷத்தில் இறக்கிக் கொடுத்துவிடும். பெரிய ஓட்டல்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எனக்கு ஐம்பது செய்து தாருங்கள் என்று கேட்டார்.

"இது இன்னும் முடியலீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார் சென்னியப்பன்.

முடியவில்லைதான். அதில் வந்தது நல்ல காபி. வசந்தாமணி காபி அல்ல.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் வருஷத் திதி. படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைக்க வேண்டும். பலகாரம், பொரியல், பாயசம் எல்லாவற்றையும் மகள் ஓசூரிலிருந்து வந்து பார்த்துக்கொள்வாள். சென்னியப்பன் தன் பங்குக்கு நினைத்திருந்தது ஒரே ஒரு டம்ளர்.

"இருபத்தொம்பது வருஷம் எனக்கு அவ போட்டுக் குடுத்தாளுங்க மிஸ். அவ காபிய ஒரு தடவையாச்சும் நான் அவ முன்னால வெக்கணுமில்லீங்களா?"

இதை அவர் பட்டறையில் பல தடவை சொல்லியாயிற்று. மிஸ்ஸிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை சென்னியப்பன் மிஸ்ஸின் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணா."

"தண்ணி அதே சிறுவாணித் தண்ணி. தூள் அதே கடை. சிக்கரி அதே அளவு. பால் அதே வீட்டுப் பால். சூடு நானே அளந்தது. எல்லாம் சரியா இருக்குதுங்க. அப்புறம் ஏனுங்க மிஸ் அந்தக் காபி வரமாட்டேங்குது?"

"இப்ப வர்ற காபி எப்படி இருக்குது?"

"தண்ணியா இருக்குதுங்க. இன்னும் கொஞ்சம் இறக்கலாம்னு நேரத்தக் கூட்டுனா கசக்குது. கசக்குது, ஆனா கெட்டியில்ல. அவ காபி கெட்டியா இருக்கும், கசக்கவே கசக்காது."

லேத்தில் நின்றுகொண்டிருந்த ரஃபீக் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகியும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"பேசாம இன்னொரு கரண்டி தூளப் போடுங்க சார். கெட்டியாயிடும். இதுக்குப் போயி பதினாலு மெஷினா?"

சென்னியப்பனுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"உனக்கென்னப்பா தெரியும்? அவ போட்டது டம்ளருக்கு ஒம்பது கிராம். அதுக்கு மேல ஒரு கிராம் போட்டாலும் அது என்ற காபி. அவ காபி ஆகாது."

"அட, கோவிச்சுக்காதீங்க சார். நான் வாயத் தொறக்கல" என்று ரஃபீக் லேத்தை ஓடவிட்டான்.

மிஸ் கையை நீட்டினார். "அளவுத் தாளக் குடுங்கண்ணா."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினாக இருந்தாலும் அதற்கு ஓர் அளவுத் தாள் இருக்கும். சூடு, நேரம், எடை, ஓட்டை விட்டம் என்று ஒவ்வொரு எண்ணாக எழுதி, எதிரே அளந்தவர் பெயரையும் எழுத வேண்டும். கணக்குப் போட்டேன், புத்தகத்தில் பார்த்தேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. யார் கையால் அளந்தார்களோ அவர்கள் பெயர். பெயர் இல்லாத எண்ணை மிஸ் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதம் முழுக்க இதற்காகவே திட்டு வாங்குவார்கள்.

மிஸ் தாளை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"தண்ணிச் சூடு தொண்ணூத்தி ரெண்டு. யார் அளந்தது?"

"நானுங்க. அவ தண்ணி காயவெச்ச அதே பாத்திரத்துல, அதே அடுப்புல வெச்சு அளந்தேன்."

"ஃபில்டர் ஓட்டை முன்னூத்தி இருவது?"

"நானுங்க. பூதக்கண்ணாடி வெச்சு எண்ணுனேன். மூணு தடவ."

"பால் தொண்ணூறு மில்லி?"

"நானுங்க. அவ ஊத்துற டம்ளர்ல கோடு வரைக்கும் ஊத்தி அளந்தேன்."

"சக்கர ஒன்றரை ஸ்பூன்?"

"நானுங்க. என்ற நாக்குங்க அது. ஒரு சிட்டிகை கொறஞ்சாலும் கண்டுபிடிச்சுருவேன்."

விரல் அடுத்த வரியில் போய் நின்றது. டம்ளருக்குத் தூள், ஒன்பது கிராம். எதிரே அளந்தவர் பெயர் வசந்தாமணி என்று எழுதியிருந்தது. அழகான கையெழுத்து. மற்ற பெயர்களைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தார்.

"அவங்க தராசு வெச்சிருந்தாங்களாண்ணா?"

"தராசா? இல்லீங்க. கண்ணளவுதானுங்க."

"அப்ப ஒம்பது எப்படி வந்துச்சு?"

"கணக்குத்தானுங்க மிஸ். வாரத்துக்குக் கால் கிலோ. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாந்தான் வாங்கிட்டு வருவேன். ஒரு தடவகூட மிஞ்சினதில்ல, ஒரு தடவகூடப் பத்தாமப் போனதில்ல. விருந்தாளி வந்தா தனியா வாங்குவோம். கால் கிலோவ ஏழால வகுத்தா ஒரு நாளைக்கு முப்பத்தஞ்சே முக்கால். காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. ஒரு வேளைக்குப் பதினெட்டு கிராம்னு வெச்சுக்குங்க. அத ரெண்டால வகுத்தா ஒம்பது."

"ஏன் ரெண்டு?"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதென்ன கேள்வி?

"நாங்க ரெண்டு பேருங்களே மிஸ்."

மிஸ் சிரிக்கவில்லை. தாளை மடித்து மேஜை மேல் வைத்தார்.

"நாளைக்கு உங்க வீட்டு ஃபில்டரக் கொண்டாங்கண்ணா."

"ஃபில்டரா? அதோட வரைபடம் எங்கிட்டயே இருக்குதுங்களே மிஸ்."

"வரைபடத்துல காபி இறங்காதுங்கண்ணா."

செவ்வாய்க்கிழமை காலையில் சென்னியப்பன் துண்டில் சுற்றி ஃபில்டரைக் கொண்டு வந்தார். சாதாரண எவர்சில்வர் ஃபில்டர். அடிப்பாத்திரத்தில் ஓர் ஒடுக்கு இருந்தது. மிஸ் அதை வாங்கவில்லை.

"நீங்களே போடுங்க. அவங்க போடற மாதிரி."

சென்னியப்பன் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் உயரம் தெரியும், கனம் தெரியும், முன்னூற்றி இருபது ஓட்டையும் தெரியும். அதில் ஒரு நாள்கூட அவர் காபி போட்டதில்லை. தூள் போட்ட பிறகு மேலே வைக்கிற தட்டை அமுக்குவதா, சும்மா வைப்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றார். பதினான்கு மெஷின் செய்த ஆளுக்கு முகம் வேர்த்துவிட்டது.

"தூள் எத்தனைங்க மிஸ்?"

"ஒரு வேளைக்கு எத்தனையோ அத்தனை."

பதினெட்டு கிராம் நிறுத்துப் போட்டார். வெந்நீர் ஊற்றி மூடினார். அப்புறம் நாற்பது நிமிஷம் காத்திருக்க வேண்டும். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரெண்டு தடவை மூடியைத் தொட்டார், மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ற மெஷினா இருந்தா இந்நேரம் பத்துப் பேரு குடிச்சிருப்பாங்க" என்று முணுமுணுத்தார்.

டிகாஷன் இறங்கி முடிந்தது. மிஸ் இரண்டு டம்ளரை எடுத்து வைத்தார். சென்னியப்பன் டிகாஷனைச் சரிபாதியாக ஊற்றினார். பால், சர்க்கரை, எல்லாம் அளவுத் தாளில் இருக்கிறபடி. நுரை வர ஆற்றி ஒரு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

டம்ளரை வைத்துவிட்டார்.

"பாத்தீங்களா மிஸ்? அதே தண்ணிக் காபி. அவ ஃபில்டர்லயே வரமாட்டேங்குதுங்க. அப்ப என்ற மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல." ஒரு நிமிஷம் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே முகம் தொங்கிப்போயிற்று. "அவ கையிலதான் இருந்துச்சு போலிருக்குதுங்க. கையோடயே போயிருச்சு. வெள்ளிக்கிழமை நான் வெறுங்கையோடதான் நிக்கணும்."

"ரெண்டுன்னு யாருங்கண்ணா அளந்தது?"

"என்னதுங்க?"

"இன்னொருக்கா போடுங்க. இந்தத் தடவ டிகாஷன ஒரே டம்ளர்ல ஊத்துங்க."

"மொத்தத்தையுமா?"

"மொத்தத்தையும்."

"அப்புறம் அவளுக்கு?"

மிஸ் தூள் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

மறுபடியும் பதினெட்டு கிராம், மறுபடியும் நாற்பது நிமிஷம். இந்தத் தடவை சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டிகாஷன் கறுகறுவென்று இறங்கியிருந்தது. அதை முழுவதும் ஒரே டம்ளரில் ஊற்றினார். பாலை ஊற்றியதுமே நிறம் தெரிந்துவிட்டது. அந்த நிறத்தை அவர் இருபத்தொன்பது வருஷம் பேப்பர் படித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்.

ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஓவென்று அழுதார்.

"இதுதானுங்க மிஸ்! இதேதானுங்க! அப்படியே அவ காபிங்க!"

ரஃபீக் லேத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "நேத்து நான் சொன்னேனா இல்லியா? இன்னொரு கரண்டி போடுங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்று கத்தினான். சென்னியப்பன் அழுதுகொண்டே அவன் தோளில் தட்டினார். நேற்றைய கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. கையோடு பதினான்காவது மெஷினில் ஒன்பதைப் பதினெட்டு என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். நாலு நிமிஷத்தில் அதே காபி அங்கேயும் வந்தது. ரஃபீக்கும் ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணி கைப்பக்குவம்னா கைப்பக்குவந்தான்" என்றான். பட்டறையே சிரித்தது. ஒரு வருஷத்தில் சென்னியப்பன் முகத்தில் அன்றுதான் உயிர் வந்தது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"வெள்ளிக்கிழமை மெஷின வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேனுங்க மிஸ். அவ படத்துக்கு முன்னாலயே வெச்சுப் போட்டுக் குடுக்கறேன்."

"சரிங்கண்ணா" என்றார் மிஸ். "அளவுத் தாளத் திருத்திருங்க."

சென்னியப்பன் உற்சாகமாகப் பேனாவை எடுத்தார். ஒன்பதை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினார். அளந்தவர் என்ற இடத்தில் வசந்தாமணி பெயரையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

"எந்த டம்ளருக்கு?"

"என்ற டம்ளருக்குங்க."

"அடுத்த டம்ளருக்கு?"

பேனா நின்றது.

"ஒரு வேளைக்குப் பதினெட்டுதானுங்க மிஸ். அது இந்த டம்ளருக்கே சரியாப் போச்சு."

"அதான் கேக்கறேன். ரெண்டு பேருன்னு நீங்கதானங்கண்ணா சொன்னீங்க?"

சென்னியப்பன் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். ஏழு நாள், பதினாலு வேளை. வேளைக்குப் பதினெட்டு. இருநூற்றி ஐம்பத்திரண்டு. கால் கிலோ தீர்ந்துவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கிராம்கூட மிஞ்சவில்லை. முப்பது வருஷம் கணக்குப் போட்டே சம்பளம் வாங்கிய மனுஷன், கூட்டிப் பார்த்தார், வகுத்துப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"பூஜ்யம்னு எழுதட்டுங்களா?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அளந்தீங்களா?"

"கழிச்சேனுங்க."

"கழிச்சதெல்லாம் தாள்ல ஏத்தக்கூடாதுங்கண்ணா. அளந்து எழுதுங்க."

மிஸ் எழுந்து போய் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே பயன்படுத்திய தூள் ஈரமாக உட்கார்ந்திருந்தது. அதைக் கொட்டாமல் அதன் மேலேயே வெந்நீர் ஊற்றி மூடினார். இதற்கு நாற்பது நிமிஷம் ஆகவில்லை. மளமளவென்று இறங்கிவிட்டது. அடிப்பாத்திரத்தில் இருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றினார். வைக்கோல் நிறத்தில் இருந்தது. பால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு கரண்டிதான் மிச்சம் இருந்தது. அதையும் ஊற்றிச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்கண்ணா."

சென்னியப்பன் குடித்தார். காபிப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினார்.

"இல்லீங்க மிஸ்" என்றார். "இப்படியெல்லாம் இருக்காதுங்க. நான் அவளுக்கு ஒரு கொறையும் வெக்கலீங்க. கேட்டிருந்தா வாரத்துக்கு அரைக் கிலோ வாங்கிப் போட்டிருப்பேனுங்க. எனக்கென்ன முடையா?"

"கேட்டாங்களா?"

"கேக்கலீங்க."

"நீங்க பாத்தீங்களா, அவங்க குடிக்கறத?"

அவர் யோசித்தார். காலை ஐந்தே முக்காலுக்குக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்வார். பேப்பர் வந்திருக்கும். டம்ளர் பக்கத்தில் வந்து உட்காரும். அவள் கை தெரியும், வளையல் சத்தம் கேட்கும். அப்புறம் அவள் உள்ளே போய்விடுவாள். அவர் குடித்து முடிக்கும்போது டம்ளரை எடுக்க வருவாள். 'நீ குடிச்சுட்டியா' என்று கேட்பார். தினமும் கேட்பார், அதில் குறை வைத்ததில்லை. 'ஆச்சுங்க' என்பாள்.

என்ன குடித்தாய் என்று அவர் கேட்டதில்லை.

பையிலிருந்து போனை எடுத்து மகள் கிருத்திகாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"என்னப்பா இந்நேரத்துல? பட்டறைக்குப் போகலியா? ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு. ஒண்ணு கேக்கணும். அம்மா காபி எப்படிக் குடிக்கும்?"

"எப்படின்னா?"

"கெட்டியாவா, தண்ணியாவா? சக்கர எத்தன போட்டுக்கும்?"



"ஏம்ப்பா, உங்களுக்குத் தெரியாதா?"

"சொல்லு சாமி."

"ரெண்டாவது டிகாஷன்தாம்ப்பா. உங்களுக்கு ஊத்துனது போக, அந்தத் தூள்லயே இன்னொருக்கா சுடுதண்ணி ஊத்தும். மீந்த பால ஊத்திக்கும். பால் இல்லைன்னா அப்படியே குடிச்சுக்கும். அடுப்புகிட்ட நின்னுட்டேதான்."

"சக்கர?"

"ஒரு நாளைக்குப் போடும், ஒரு நாளைக்குப் போடாது. நான் சரியா கவனிக்கலப்பா."

"அம்மாவுக்கு அது பிடிச்சுதா?"

"கேட்டா, எனக்கு இதுதான் ஒத்துக்குதுன்னு சொல்லும்."

"நெசமாவே ஒத்துக்கிச்சா? இல்ல, நமக்காகச் சொல்லுச்சா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"தெரியலப்பா. நான் அதுக்கு மேல கேக்கல. நான் ஊருக்கு வந்தா எனக்கும் மொதல் டிகாஷன்லதான் குடுக்கும். நானும் வாங்கிக் குடிச்சுட்டுத்தாம்ப்பா வந்தேன்." குரல் உடைந்துவிட்டது. "இப்ப எதுக்குப்பா இதெல்லாம் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. நீ அழுகாத. வெள்ளிக்கிழமை நேரத்துல வந்துரு."

போனை வைத்தார். ரஃபீக் சத்தம் போடாமல் லேத்துப் பக்கம் போய்விட்டான். அவன் அதை ஓட்டவில்லை.

மேஜை மேல் இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றில் பாதி குடித்த கெட்டிக் காபி. ஒன்றில் வைக்கோல் நிறத் தண்ணீர். சென்னியப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வருஷமாக எதைத் தேடிப் பித்துப்பிடித்து அலைந்தாரோ அது கைக்கு வந்துவிட்டது. இன்னும் சூடு ஆறவில்லை. அதைத் தொட அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், வேறு வார்த்தை கிடையாது. வசந்தாமணி காபி வசந்தாமணி காபி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அதில் ஒரு சொட்டுகூட வசந்தாமணி குடித்ததில்லை.

வெகுநேரம் கழித்துக் கெட்டிக் காபி டம்ளரைத் தொட்டார்.

"இத வெச்சா, இது என்ற காபிங்க மிஸ். அவ முன்னால என்ற காபிய வெச்ச மாதிரி ஆகும்."

மிஸ் தலையசைத்தார்.

மற்ற டம்ளரைத் தொட்டார். "இத வெச்சா... செத்ததுக்கப்புறமும் இதையே குடின்னு சொன்ன மாதிரி ஆகுமில்லீங்களா? ஒருவேள நெசமாவே அவளுக்கு இதுதான் பிடிச்சிருந்தா?"

கையை எடுத்துவிட்டு மிஸ் பக்கம் திரும்பினார்.

"மெஷினுக்கு வழி காமிச்சீங்க. இதுக்கும் ஒரு வழி சொல்லுங்க மிஸ். உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்." அந்த வயதான மனுஷன் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். "வெள்ளிக்கிழமை அவ முன்னால நான் எத வெக்கட்டும்?"

மிஸ் எழுந்து வந்து கும்பிட்ட கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"படையல்ல என்னங்கண்ணா வெப்பாங்க?"

"செத்தவங்களுக்குப் பிடிச்சதுங்க."

"அதையே வெயுங்கண்ணா."

சென்னியப்பன் அளவுத் தாளைப் பார்த்தார்; அடுத்த டம்ளருக்கான இடம் இன்னும் காலியாகவே இருந்தது.